அரை ஏக்கரும் ஒழுங்கற்ற வாத்துகளும்

கடந்த சனிக்கிழமை மாலை ஏறத்தாழ ஆறு மணிக்கு, புக்கிட் பெலிம்பிங்கில், ஒரு துளி மழைகூட இல்லாத வானத்தின் கீழ், தண்ணீர் என்னை நோக்கி மேடேறி வந்தது.

மேடேறி என்றுதான் எழுதுகிறேன். அச்சுப்பிழை அல்ல.

அதை நம்ப மறுத்தவர்களில் நான் முதலாமவன். கணுக்காலைத் தொட்ட பிறகும் மறுத்துக்கொண்டுதான் நின்றேன். ஏனென்றால், அந்த நிலத்தை ஐந்து வாரங்களாக ஆராய்ந்தவன் நான். கயிறு பிடித்து அளந்தவன் நான். அதைப் பற்றிப் பதினான்கு பக்க அறிக்கை எழுதியவன் நான். அந்த அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில், 'இம்மூலையில் நீர் தேங்க வாய்ப்பே இல்லை' என்று தடித்த எழுத்தில் தட்டச்சு செய்தவனும் நான்தான்.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

என் அக்கா மாலா, ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அண்மையில் அந்த வேலையை விட்டார். மல்லிகைத் தோட்டம் போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வாடகை வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில், கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில், முந்நூறு மல்லிகைக் குச்சிகளை வேர் பிடிக்க வைத்து, எட்டு மாதம் நீரூற்றி வளர்த்திருந்தார். காரை வெயிலில் விட்டுவிட்டுச் செடிக்குக் கூரை கொடுத்த குடும்பம் அது.

நிலமும் இருந்தது. அக்காவின் கணவர் சேகர் மாமாவுக்கு அவருடைய அப்பா வாங்கிப் போட்டிருந்த அரை ஏக்கர். வெகுகாலம் வேறொருவர் அதில் செம்பனை போட்டிருந்தார். மரங்களை வெட்டிய பிறகு லாலான் புல் மண்டிக் கிடந்தது. மாமா அந்த நிலத்தை அதுவரை இரண்டு முறை பார்த்திருக்கிறார் – இரண்டு முறையும் தாம் ஓட்டும் லோரியை விட்டு இறங்காமல்.

இந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர், கார் நிறுத்தும் இடத்தை மாத முடிவுக்குள் காலி செய்யுமாறு சொல்லிவிட்டார். ஆக, நிலைமை இதுதான். வேலை இல்லை. கையில் முந்நூறு செடிகள். அவற்றை ஒரே தடவையில், சரியான இடத்தில், நட்டாக வேண்டும். தவறான இடத்தில் நட்டு அவை பட்டுப்போனால், மறுபடியும் குச்சி வைத்து எட்டு மாதம் காத்திருக்க அக்காவிடம் தெம்பும் இல்லை, சம்பளமும் இல்லை.

எங்கே நடுவது? இந்தக் கேள்வி எழுந்த இடத்தில்தான் நான் எழுந்தேன்.

வாரந்தோறும் இந்தப் பத்தியைப் படிக்கும் நீங்கள் என்னை அறிவீர்கள். இடைநிலைப் பள்ளியில் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை சொற்போர் மேடையிலேயே வளர்ந்தவன். எதிரணியினர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மூன்று கருத்துகளை அடுக்கிவிட்டு அமரப் பழகியவன். அந்தப் பயிற்சியைப் பற்றி எனக்கு இன்றும் பெருமைதான். அதை மறைக்கப் போவதில்லை.

ஒரு நிலத்தில் என்ன செய்யலாம் என்று திட்டமிடுவதற்கு முன்னால், அந்த நிலம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும் – இப்படி எங்கோ படித்திருந்தேன். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, தண்ணீர் எங்கே போகிறது… இவற்றை வாரக்கணக்கில் கவனித்த பிறகே மண்வெட்டியைத் தொட வேண்டும். அருமையான கொள்கை. அதை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், முன்னுரை, மூன்று கருத்துகள், தொகுப்புரை என்று முறையாக எடுத்துரைத்தேன்.

"சரிடா. அப்ப நீயே போயி பாரு," என்றார் அக்கா.

"பேசி முடிச்சிட்டான்லா?" என்றார் மாமா. "கறி ஆறுது."

இவ்வாறு நான் நில ஆய்வாளர் ஆனேன்.

*

முதல் சனிக்கிழமை. முளைக்குச்சிகள், நைலான் கயிறு, கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, தண்ணீர் நிரப்பிய அந்த நீண்ட பிளாஸ்டிக் குழாய் – எல்லாவற்றோடும் போய் இறங்கினோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் உலு யாம் பக்கத்தில் வளர்ந்தவர்கள். அங்கே மேடு எது, பள்ளம் எது என்று கண்ணே சொல்லிவிடும். மலையில் மழை பெய்யும். ஆற்றில் தண்ணீர் வரும். நம்மைக் கடந்து போகும். தண்ணீரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்: மேலிருந்து வரும், கீழே போகும், போனது திரும்பாது.

புக்கிட் பெலிம்பிங் நிலமோ சாப்பாட்டுத் தட்டைப் போல் கிடந்தது. குழாயின் ஒரு முனையை மாமாவும் மறு முனையை நானும் பிடித்துக்கொண்டு அரை ஏக்கர் முழுவதும் நடந்தோம். மிக உயர்ந்த இடத்துக்கும் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் இடையே இரண்டு சாண் வித்தியாசம். அவ்வளவுதான். இருந்தாலும் ஆய்வு என்றால் பெயர்கள் வேண்டாமா? சாலைப் பக்கத்து உயர்ந்த பகுதிக்கு 'உச்சி' என்று பெயரிட்டேன். நிலத்தின் பின்னெல்லையை ஒட்டி ஓடுகிற அகலமான வடிகாலை அங்குள்ளவர்கள் பாரிட் என்கிறார்கள். அதன் ஓரத்து மூலைக்குச் 'சமவெளி' என்று பெயரிட்டேன்.

"உச்சி எங்கடா இருக்கு?" என்று மாமா கேட்டார்.

"நீங்க நிக்கிற எடந்தான் மாமா."

மாமா குனிந்து தம் காலடியைப் பார்த்தார். "அதான் மூச்சு வாங்குதா," என்றார்.

கேலிகளைக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் எனக்கில்லை. மற்றவற்றை எழுதினேன். சமவெளியில் ஆள் உயரத்துக்குப் பெரணிச் செடிகள் செழித்திருந்தன – மண் வளமானது என்று எழுதினேன். மண்ணின் மேல் வெள்ளையாக மெல்லிய படிவம் – சுண்ணாம்புச் சத்து என்று எழுதினேன். பாரிட் ஓரமெங்கும் விரல் நுழையும் அளவில் வளைகள் – எலித் தொல்லை என்று எழுதினேன்.

நான்கு மணிக்குச் சாமான்களைக் கட்டினோம். அதற்கு மேல் நின்றால் ரவாங் திரும்பும் வழியெல்லாம் நெரிசல். வண்டியில் ஏறும்போது பார்த்தால், பக்கத்து வீட்டிலிருந்து இருபது வாத்துகள் வரிசையாக வெளியே வந்தன. எங்கள் நிலத்துக்குள் நுழைந்தன. நேராகச் சமவெளிக்குப் போய், பாரிட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டன. பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல.

இரண்டாம் சனிக்கிழமை வாத்துகள் வரவில்லை. மூன்றாம் சனிக்கிழமை வந்தன. நான்காம் சனிக்கிழமை வரவில்லை.

அறிக்கையில் எழுதினேன்: 'வாத்துகள் ஒழுங்கற்றவை. கருத்தில் கொள்ளத் தேவையில்லை.'

எலிகளை மட்டும் கருத்தில் கொண்டோம். இரண்டாம் வாரம் மாமா நான்கு எலிப்பொறிகளைக் கருவாடு கோத்து வைத்துவிட்டு வந்தார். மூன்றாம் வாரம் போய்ப் பார்த்தால் மூன்று பொறிகள் காலி. நான்காவதில் ஒரு நண்டு. ஆத்திரத்தோடு எங்களைப் பார்த்தது.

மாமா குனிந்து பொறியைத் திருப்பிப் பார்த்தார். "எலி இல்லடா இது."

"வழி தவறி வந்திருக்கும் மாமா."

"எங்கேருந்து வழி தவறிச்சு? கடலு அந்தாண்ட எத்தன மைலு."

நல்ல கேள்வி. சொற்போர் மேடையில் இப்படிப்பட்ட நல்ல கேள்விகளைச் சமாளிக்க ஒரு முறை உண்டு. ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பொது முடிவுக்கு வரலாகாது என்று சொல்லிவிட்டு அடுத்த கருத்துக்குப் போய்விட வேண்டும். அதையே செய்தேன். அறிக்கையில், 'நண்டு ஒன்று – விதிவிலக்கு.'

*

பக்கத்து வீட்டுக்காரரை நீங்கள் சந்திக்க வேண்டும்.

அவர் பெயர் சரசு. ஐம்பதை நெருங்கும் வயது. வாத்து வளர்த்து, முட்டைகளை உப்பில் ஊறவைத்துக் காலைச் சந்தையில் விற்பவர். மூன்றாம் வாரம் நாங்கள் நண்டை விடுவித்துக்கொண்டிருந்தபோது தம் வீட்டு வேலி ஓரமாக வந்து நின்றார்.

"என்னா போடப் போறீங்க தம்பி?"

"மல்லிகை, அக்கா. அந்த மூலையில."

அவர் மூலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அந்த மூலையில ஒண்ணும் நிக்காது தம்பி."

அன்பர்களே, இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்திருப்பான்? 'ஏன்?' என்று கேட்டிருப்பான். இரண்டே எழுத்துகளில் அடங்கும் சின்னஞ்சிறு சொல். அதைக் கேட்டிருந்தால் இந்த வாரம் நான் வேறு எதைப் பற்றியாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

நான் பதில் சொன்னேன்.

"மூன்று காரணங்களால் உங்கள் கருத்தோடு உடன்பட முடியவில்லை, அக்கா. முதலாவதாக, அங்கே பெரணி செழித்திருக்கிறது. இரண்டாவதாக, பாரிட் பக்கத்திலேயே இருப்பதால் நீர் பாய்ச்ச நடக்க வேண்டியதில்லை. மூன்றாவதாக, நிலத்திலேயே தடையின்றி வெயில் விழும் இடம் அதுதான்."

சரசு அக்கா இறுதிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நல்லா பேசுறீங்க தம்பி," என்றார். "ரேடியோல வேலையா?"

"இல்லைங்க அக்கா."

"போயி கேளுங்க. எடுத்துக்குவாங்க."

அத்தோடு விட்டிருக்கலாம். நான் வாத்துகளையும் இழுத்தேன். செடி வைத்த பிறகு வேலி போடப் போகிறோம், வாத்துகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"போடுங்க, போடுங்க. அதுங்க நீந்தி வந்துக்கும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வேடிக்கையான பெண்மணி என்று நினைத்தேன். தரையில் வாத்து எப்படி நீந்தும்?

மேடையில் பழகியவர்களுக்கு ஒரு குறை உண்டு. இதுநாள் வரை அதை நான் குறையாகக் கருதியதில்லை. எதிரே இருப்பவர் எதைச் சொன்னாலும் அது நமக்குத் தகவலாகக் கேட்பதில்லை… வாதமாகவே கேட்கிறது. தகவலென்றால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வாதமென்றால் முறியடித்தாக வேண்டும். எத்தனை பேர் எனக்கு எத்தனை நல்ல செய்திகளைச் சொல்ல வந்து, முறியடிக்கப்பட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்களோ தெரியவில்லை.

*

ஆய்வில் ஒரு பெரிய குறை எஞ்சியிருந்தது. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமென்றால் மழை பெய்ய வேண்டும். பெய்யவில்லை. ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை, மூன்று வாரமும் இல்லை. உலு யாமில் வெளுத்து வாங்கியது. ரவாங்கில் சாலையெல்லாம் தண்ணீர். புக்கிட் பெலிம்பிங்கில் மட்டும் வெயில். நாங்களோ குடை பிடித்து, மழைக்கோட்டு மடித்து, மேகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

நான்காம் வாரம் அக்கா பொறுமையிழந்தார். "மாசம் முடியப் போவுதுடா. வீட்டுக்காரரு நேத்தும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாரு."

"மழை வராமல் முடிவு சொல்ல முடியாது, அக்கா."

"அப்ப மழைய வர வெய்யி."

மாமா மேசையைத் தட்டினார். சாலைப் பணிகளில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் லோரி ஓட்டுகிற நண்பர் ஒருவர் அவருக்கு இருந்தார்.

எனவே நான்காம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு லோரி நிறையத் தண்ணீர் வந்து இறங்கியது. உச்சியில் லோரியை நிறுத்தினோம். நான் கையில் சிறு கொடிகளோடு தயாராக நின்றேன். தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறதோ அந்த வழியிலெல்லாம் கொடி நட வேண்டும் என்பது திட்டம்.

"மழைய ஆரம்பிக்கலாமா?" என்று லோரிக்காரர் கேட்டார்.

ஆரம்பித்தோம். தண்ணீர் பீறிட்டது. நான் அதன் பின்னால் ஓடினேன். முதல் கொடியை நட்டேன். இரண்டாவதை நட்டேன். மூன்றாவது கொடியை நடக் குனிந்தபோது தண்ணீரைக் காணவில்லை. காய்ந்து வெடித்துக் கிடந்த மண், வந்ததையெல்லாம் வாய் திறந்து குடித்துவிட்டது. லோரி காலியானது. சமவெளிக்கு ஒரு சொட்டுகூட வந்து சேரவில்லை.

சரசு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா தம்பி, தொவைக்கிறீங்களா நெலத்த?" என்று மட்டும் கேட்டார்.

நான் மீதிக் கொடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெற்றியின் களிப்பில் இருந்தேன். ஒரு லோரித் தண்ணீரே வந்து சேராத மூலையில் எந்த மழைத் தண்ணீர் தேங்கப் போகிறது? அன்று மாலையே ஒன்பதாம் பக்கத்தைத் தட்டச்சு செய்தேன்.

*

நடவு நாளை அக்கா குறித்தார். பௌர்ணமி. எங்கள் குடும்பத்தில் வீடு குடிபோவதானாலும் சரி, கார் எடுப்பதானாலும் சரி, பௌர்ணமியாக இருந்தால் மறுபேச்சு இல்லை. அது சனிக்கிழமையாகவும் அமைந்துவிட்டதில் அக்காவுக்குப் பெரிய நிம்மதி. இளஞ்செடியை வெயில் இறங்கிய பிறகு நடுவதுதான் முறை என்பதால், முதன்முறையாக நாங்கள் நான்கு மணிக்குக் கிளம்பாமல், நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

முந்நூறு செடிகளையும் மாமாவின் லோரியிலிருந்து இறக்கிச் சமவெளியில் வரிசையாக வைத்தோம். பெரணிகளை முன்பே வெட்டியிருந்தோம். அக்கா முதல் குழியில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டி, முதல் செடியை நட்டார். அவர் முகத்தில் அப்படியொரு அமைதியை நான் அண்மையில் பார்த்ததில்லை.

ஐந்து மணி சுமாருக்கு வாத்துகள் வந்தன. வழக்கமான இடத்தில் உட்கார்ந்தன. நான் கையை வீசி விரட்டினேன். பத்தடி நகர்ந்து மறுபடியும் உட்கார்ந்தன.

நாற்பத்து இரண்டாவது செடியை நடும்போது மாமா கூப்பிட்டார். "டேய், இந்தக் குழியில யாரு தண்ணி ஊத்தினது?"

யாரும் ஊற்றவில்லை. போய்ப் பார்த்தேன். குழியின் அடியிலிருந்து தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் குழியிலும் அப்படியே. அதற்கடுத்த குழியில் அரைக்குழி நிறைந்திருந்தது.

பாரிட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஐந்து வாரமாக அதன் அடியில் ஒரு முழம் தண்ணீர்தான் நின்றது. இப்போது கரை வரை தளும்பிக்கொண்டிருந்தது. அதுவும் ஓடிக்கொண்டிருந்தது – தவறான திசையில். கடலை நோக்கிப் போக வேண்டிய தண்ணீர் கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது. மிதந்து வந்த தென்னை மட்டை ஒன்று எங்களைக் கடந்து உள்நாட்டுப் பக்கமாகப் பயணம் போனது.

பிறகு கரை நிறைந்தது. ஓசையே இல்லாமல், ஒரு விரிப்பை விரிப்பதைப் போல, தண்ணீர் எங்கள் நிலத்துக்குள் வந்தது.

"இது சாத்தியமில்லை," என்றேன் நான்.

அக்கா குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "உப்பு," என்றார்.

ஒரே சொல். பதினான்கு பக்கங்களுக்கு அதுவே மறுப்புரை: வெள்ளைப் படிவம் உப்பு, வளைகள் நண்டுகளுடையவை, பெரணியும் உப்புத் தண்ணீரில் செழிப்பது.

வாத்துகள் எழுந்தன. வரிசை கலையாமல் தண்ணீரில் இறங்கி, எங்கள் மல்லிகை வரிசைகளுக்கு இடையே நீந்தத் தொடங்கின.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? செடியத் தூக்கு." அக்கா அதற்குள் இரண்டு பைகளை அள்ளிவிட்டார்.

தூக்கினோம். இரு கையிலும் இரண்டு, கக்கத்தில் ஒன்று. சமவெளியிலிருந்து உச்சிக்கு, உச்சியிலிருந்து சமவெளிக்கு. இரண்டு சாண் உயரம் என்று நான் எள்ளி எழுதிய அந்த உச்சி, அன்று எங்களுக்கு இமயமாக இருந்தது. தண்ணீர் ஒரு பக்கம், நாங்கள் மறுபக்கம். சரசு அக்கா தம் முட்டைக் கூடைகளோடு வேலியைத் தாண்டி வந்தார். ஒரு கூடைக்குப் பத்துச் செடி அடுக்கிச் சுமந்தார். மாமாவும் அக்காவும் ஆளுக்கொரு கூடையைப் பிடுங்கிக்கொண்டார்கள். என் கையில் மட்டும் ஏனோ அந்த அறிக்கை இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. அதன் மேல் இரண்டு செடிகளை வைத்துத் தூக்கினேன். அது பயன்பட்ட ஒரே வேளை.

இருநூற்று ஐம்பத்து எட்டுச் செடிகள் நனையாமல் மேலே சேர்ந்தன. நட்டுவிட்ட நாற்பத்து இரண்டையும் கணுக்காலுக்கு மேலேறிய தண்ணீரில் துழாவிப் பிடுங்கினோம். சரசு அக்கா அவற்றைத் தம் வீட்டுக் குழாயடிக்குக் கொண்டுபோய், வேரோடு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் புதிய பையில் வைத்தார்.

மூச்சு வாங்கியபடி நான் சரசு அக்காவிடம் கேட்டேன். "பௌர்ணமிக்குப் பௌர்ணமி இப்படி வருமா, அக்கா?"

"அமாவாசைக்கும் வரும். பாசாங் பெருசா இருக்கிற நாள்லாம் பொழுது சாயறப்ப ஏறும். விடியறப்பயும் ஏறும். அதான் மத்தியானத்துல வர்றவங்களுக்குத் தெரியாது."

கடல் ஏற்றத்தை மலாய்க்காரர்களும் நாமும் பாசாங் என்றுதானே சொல்கிறோம்? எனக்குத் தெரிந்த சொல்தான். உலு யாமில் அதற்கு வேலை இருந்ததில்லை.

"இதை நீங்கள் முன்பே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. ஒண்ணும் நிக்காதுன்னு."

"காரணம் சொல்லவில்லையே."

சரசு அக்கா குழாயை மூடினார். "நீங்க எங்க தம்பி கேட்டீங்க? பதிலுல்ல சொன்னீங்க."

எத்தனையோ நடுவர்கள் எனக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

இருட்டுவதற்குள் ஓர் உருப்படியான வேலை செய்தோம். நிலத்தில் தண்ணீர் எங்கே வந்து நின்றதோ, அந்த விளிம்பு நெடுக மீதிக் கொடிகளை நட்டுவைத்தோம். கயிறு இல்லை, குழாய் இல்லை, லோரி இல்லை. நிலம் எங்கே வளைகிறது, எங்கே ஏறுகிறது என்று ஒரு விரல் பிசகாமல் தண்ணீரே கோடு போட்டுக் காட்டிவிட்டது. நான் சமதரை என்று எழுதிய இடத்தில் ஒரு சின்னக் குடா இருந்தது. பள்ளம் என்று எழுதிய இடத்தில் ஒரு தீவு இருந்தது. அதன் மேல் மூன்று வாத்துகள் நின்றன.

*

ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடியும் போனோம். செடிகளை இரவு சரசு அக்காவின் கொட்டகையில் விட்டிருந்தோம். கொடிக் கோட்டுக்கு மேலே, சாலை ஓரமாக, உலர்ந்த தரை நீளமாகக் கிடந்தது. கோட்டை ஒட்டியே நட்டால் முந்நூறும் கொள்ளும் என்று அக்கா கணக்குப் போட்டிருந்தார்.

ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. நேற்றைய கொடிகளை எட்டியது. நிற்கும் என்று பார்த்தோம். நிற்கவில்லை. கொடிகளைக் கடந்து, இன்னும் ஓர் அடி தூரம் வந்து, அங்கே நின்றது.

சரசு அக்கா வேலி ஓரத்திலிருந்து சொன்னார், "நாளைக்கும் இப்படித்தான் இருக்கும். அப்புறம் கொறஞ்சிரும். ஒவ்வொரு மாசம் ஒவ்வொரு மாதிரி."

அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். நாற்பத்து இரண்டில் பாதிக்கு இலை சுருண்டிருந்தது. மறுநாள் காலைக்குள் எதையாவது முடிவு செய்தாக வேண்டும். கொட்டகை வாத்துகளுக்கு வேண்டும், கார் நிறுத்துமிடம் வீட்டுக்காரருக்கு வேண்டும். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு மேல வருமாடா?"

வாயைத் திறந்தேன். முதலாவதாக என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தண்ணீரைப் பார்த்தேன். விழுங்கிக்கொண்டேன்.

"தெரியலக்கா," என்றேன்.

மாமா என்னை வியப்போடு பார்த்தார். அக்கா மட்டும் தலையாட்டினார்.

"அப்ப நாலடி தள்ளியே நடுவோம். எவ்ளோ கொள்ளுதோ அவ்ளோ. மிச்சத்துக்குக் கரை கட்டி மண்ண ஒசத்திக்கலாம்," என்று சொல்லிவிட்டு, தண்ணீர் நின்ற இடத்திலிருந்து நான்கு எட்டு நடந்து, முதல் குழியை வெட்டத் தொடங்கினார்.

'தெரியலக்கா.' ஐந்து வாரத்தில் என் வாயிலிருந்து வந்து, செடிகளுக்கு உதவிய ஒரே அறிக்கை அதுதான்… ஒரு பக்கம்கூட இல்லை.